நாரையார் செத்தது எந்தப் பக்கத்தில்?

8 ஜூன் 2014, ஞாயிறு

காலையில் சாரல். பார்வதிபுரத்தில் வாழைக்குலை ஏற்றிவந்த லாரி சாய்ந்தது. ஓட்டுநருக்குச் சிராய்ப்பு. குலைகள் எங்கே போயின என்று சுற்றி நின்றவர்களைக் கேட்டேன். எல்லோரும் வேறு பக்கம் பார்த்தார்கள். ஒருவர் வாய் நிறைய மென்றுகொண்டே தெரியாது என்று தலையாட்டினார்.

மாலையில் பத்திரிகை அலுவலகத்தில், ஞாயிறு மலர் பார்க்கும் சுயம்புராஜ் ஒரு புத்தகத்தைக் கையில் திணித்தான். 'கல்மீன் கோட்டை', முதல் பாகம். மாங்கா. ஜப்பான்காரர்கள் போடும் கறுப்பு வெள்ளைப் படக்கதை. வரைந்து, எழுதி, சொந்தமாக அச்சிட்டது ஷிபா என்ற பெண். புதுக்கடையில் ஃப்ளெக்ஸ் பேனர் கடையில் டிசைனர்.

"விமர்சனம் வேணும் ஸார்."

"நான் விபத்தும் கலெக்டர் கூட்டமும் எழுதுற ஆளுடே."

"அதான் ஸார். நீங்கன்னா குறை இருந்தா விடமாட்டிய."

பாராட்டா, புகாரா? தெரியவில்லை. வாங்கிக்கொண்டேன். ஜப்பான் புத்தகம்போல வலப்பக்கத்திலிருந்து படிக்க வேண்டுமோ என்று கேட்டேன். "வேண்டாம் ஸார். அந்தப் பிள்ளை நம்ம பக்கமாத்தான் அடிச்சிருக்கு."

10 ஜூன், செவ்வாய்

இரண்டு முறை படித்தேன். கதை இது: வட்டக்கோட்டை மாதிரி ஒரு கருங்கல் கோட்டை. அதன் அடியில் ஒரு கல்மீன் உறங்குகிறது. ஒருநாள் அது விழித்து, கோட்டையை முதுகில் சுமந்தபடி கடலுக்குள் போய்விடுகிறது. உள்ளே மாட்டிக்கொண்டவள் விளக்கேற்றும் பெண் தாரகை. அவளைக் காப்பாற்ற வருபவன் முகிலன். எதிரி உப்பரசன், உடம்பெல்லாம் உப்பு. மழை பெய்தால் கரைந்துவிடுவான் என்பதால் நான்கு பேர் எப்போதும் அவனுக்குப் பந்தல் பிடித்துக்கொண்டு ஓடுகிறார்கள். பயப்பட வேண்டிய இடத்தில் சிரித்துவிட்டேன். சிரித்தபிறகு பயம் வந்தது. அப்படி எழுத எல்லோருக்கும் வராது.

முகிலன் தேறவில்லை. அழகாக இருக்கிறான், வாள் வைத்திருக்கிறான், அவ்வளவுதான். குதிரைகளைப் பார்த்தால் ஆட்டுக்குக் கால் நீண்டதுபோல இருக்கிறது.

பெரிய குறை நாரையார். கண்ணாடி போட்ட கிழட்டு நாரை. சட்டைக் காலரின் பின்னால் குடையைத் தொங்கவிட்டுக்கொண்டு, போர் உச்சத்தில் இருக்கும்போது நடுவில் வந்து நிற்கிறது. "பேரு? அப்பா பேரு? இனிஷியல்? இதை நீரே கண்டீரா, கேட்டறிஞ்சீரா?" வாளை ஓங்கியவன் வாளைத் தாழ்த்திவிட்டுப் பதில் சொல்கிறான். படை முழுக்க வரிசையில் நிற்கிறது. இப்படியே பதினோரு பக்கம்! கடைசியில் எதற்காகச் சண்டை வந்தது என்றே மறந்து இரண்டு படையும் கலைந்து போகிறது.

எழுதி அனுப்பிவிட்டேன். கடைசிப் பத்தி: "கல்கோட்டை மீனின் முதுகில் கடலுக்குள் போவதை நம்ப முடிகிறது. ஒரு நாரையின் கேள்விக்காகப் போர் நிற்பதை நம்ப முடியவில்லை. அடுத்த பாகத்தில் இந்தப் பாத்திரத்தைத் தவிர்த்தால் கதை வேகம் பெறும்."

அனுப்பும் முன் கிளாராவிடம் காட்டினேன். புத்தகத்தை அவளும் படித்திருந்தாள். "நல்லாத்தான் எழுதியிருக்கிய" என்றவள் அடுக்களைக்குள் போய்விட்டாள். உள்ளே சிரிப்புச் சத்தம். மனைவி முப்பது வருடம் கழித்தும் இப்படிச் சிரித்தால் ஏதோ இருக்கிறது.

15 ஜூன், ஞாயிறு

விமர்சனம் வந்துவிட்டது. கூடவே இதுவும்.

வடசேரியில் பத்திரிகைக் கடை வைத்திருக்கும் ததேயுஸ் என்னைக் கண்டதும் கடையைவிட்டு இறங்கி வந்தான்.

"அண்ணாச்சி, ஒம்ம கல்லறையை நீரே கெட்டிட்டீரே!"

"என்னடே சொல்லுத?"

"நாரையாரு யாரு?"

"யாரு?"

அவன் என் கழுத்துக்குப் பின்னால் கையை நீட்டி, காலரில் தொங்கிய குடையைக் கழற்றி என் கையில் கொடுத்தான்.

கடையில் நின்ற இருவர் சிரித்தார்கள். ஒருவரை எனக்குத் தெரியவே தெரியாது. தெரியாதவரும் சிரிக்கிறார் என்றால் செய்தி எவ்வளவு தூரம் போயிருக்கிறது!

வீட்டில் கேட்டேன். கிளாரா சொன்னாள்: "மூக்கைக் கண்டதுமே தெரிஞ்சுட்டு."

"பொறவு ஏன் சொல்லல்ல?"

"விமர்சகருக்க கருத்துல நான் தலையிடலாமா?"

அந்தப் பெண்ணை எனக்குத் தெரியாது. அவளுக்கு என்னை எப்படித் தெரியும்?

18 ஜூன், புதன்

ஷிபாவே போன் செய்தாள். "குமாரதாஸ் ஸாரா? நீங்க பறஞ்சது செரிதான் ஸாரே. நாரையாரை ரெண்டாம் பாகத்துல தூக்கிடுதேன்."

வேண்டாம் என்று சொல்லலாமா? அந்தப் பாத்திரம் நான்தான் என்று தெரிந்தபின் அதற்காக எப்படி வாதாடுவது? பெண் பார்க்கப் போன வீட்டில் மாப்பிள்ளையே தனக்கு நற்சான்று கொடுப்பதுபோல ஆகிவிடும். "நல்லது மக்களே" என்றேன்.

நல்லதாம்! என்ன நல்லது?

12 அக்டோபர், ஞாயிறு

இரண்டாம் பாகம் வந்தது. முப்பத்தொன்றாம் பக்கம். நாரையார் மதில்மேல் ஒற்றைக்காலில் நின்று யாரிடமோ ஏதோ கேட்கிறார். ஒரு அலை எழுகிறது. அடுத்த படக்கட்டத்தில் மதில் மட்டும் இருக்கிறது. அதற்கடுத்த கட்டத்தில் குடை மிதக்கிறது.

நன்றாக வரைந்திருக்கிறாள். அதுதான் எரிச்சல்.

அதன்பிறகு வாள், வாள், வாள். முகிலன் வெட்டுகிறான், உப்பரசன் வெட்டுகிறான், பந்தல் பிடிப்பவர்கள்கூட வெட்டுகிறார்கள். கதைக்கு நான் சொன்ன வேகம் வந்துவிட்டது. ஆனால் உயிர் இல்லை. நாரை ஒவ்வொருவரிடமும் பெயர் கேட்டதால்தான் முதல் பாகத்தில் சிப்பாய்களுக்குக்கூட முகம் இருந்தது. இப்போது வெட்டுப்படுபவன் யாரென்று தெரியவில்லை. வருத்தமும் வரவில்லை.

இதை எழுதினால் என்ன சொல்வார்கள்? கிழவன் தனக்காக அழுகிறான் என்பார்கள். சுயம்புராஜிடம் உடம்புக்கு முடியவில்லை என்று சொல்லிவிட்டேன். கிளாரா: "அது சத்தியந்தான். செத்த ஆளுக்கு உடம்பு எப்படி நல்லாருக்கும்?"

19 அக்டோபர், ஞாயிறு

ததேயுஸ் கடையில் அரை மணி நேரம் நின்று பார்த்தேன். கல்லூரிப் பிள்ளைகள் புத்தகத்தை எடுக்கிறார்கள், நடுவில் புரட்டுகிறார்கள், கடைசிப் பக்கங்களைப் பார்க்கிறார்கள், திருப்பி வைக்கிறார்கள். ஒரு பெண் கேட்டே விட்டாள்: "அண்ணா, நாரையாரு பொறவு வருவாரா?"

ததேயுஸ் என்னைக் கைகாட்டினான். "அவருகிட்ட கேளு மக்கா. கொன்னது அவருதான்."

பிறகு தணிந்த குரலில் சொன்னான். ஷிபா மூன்றாம் பாகம் போடப் போவதில்லையாம். புத்தகக் கட்டு கொடுக்க வந்தபோது அவனிடம் சொல்லியிருக்கிறாள்: "சண்டையைத் தொடங்கியாச்சி அண்ணே. நிறுத்துகதுக்கு இனி கதையில ஆளில்லை." தாரகை கோட்டையின் அடித்தளத்தில், கடல்மட்டத்துக்குக் கீழே விளக்கோடு நிற்கிறாள். அவளை ஷிபா அப்படியே விட்டுவிடப் போகிறாள்.

இது என் வேலை. நான் எழுதிய ஒரு பத்தியால் நடந்தது.

27 அக்டோபர், திங்கள்

கருங்கல் ஊர் வழியாகப் புதுக்கடைக்குப் போனேன். சந்தைக்கு எதிரே கடை. ஷிபாவுக்கு இருபத்தாறு இருபத்தேழு இருக்கும். கண்ணீர் அஞ்சலி பேனர் ஒன்றில் இறந்தவரின் தலைமுடியைக் கணினியில் கறுப்பாக்கிக்கொண்டிருந்தாள்.

"வாருங்கோ ஸாரே. இது நீங்க மூணு வருஷம் முந்தி வந்து நின்ன எடந்தான்."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. ஒரு ரசிகர் மன்றத்தின் பேனரை மறைத்து இன்னொரு மன்றத்தார் பேனர் கட்டிவிட்டார்கள் என்று தகவல் கிடைத்து வந்திருந்தேன். இரண்டு கூட்டமும் கடை வாசலில் நின்றன. நான் குறிப்பெடுத்தேன். அடிதடி இல்லை, அதனால் செய்தி இல்லை. பேருந்து பிடித்துத் திரும்பிவிட்டேன். இதுதான் என் நினைவு.

அவள் நினைவு வேறு. "அவனுவ கையில கம்பி இருந்து ஸாரே. நான் ஷட்டருக்க பின்னால நின்னு விறச்சிட்டு இருந்தேன். நீங்க குடையோட நடுவுல வந்து நின்னிய. ஒருத்தன்கிட்ட பேரு கேட்டிய. அப்பா பேரு கேட்டிய. 'கம்பி இரும்பா, ஸ்டீலா?' கேட்டிய. பொறவு அடுத்தவன். வரிசையில நின்னானுவ. பேரு பேப்பர்ல வரும்னு ஒருத்தன் தலைகூட சீவினான். ரெண்டு மணி ஆனப்போ பசிச்சு எல்லாவனும் வீட்டுக்குப் போயிட்டான்."

மீன் முதுகில் கோட்டை போவதை நம்பினேன். அந்தப் புத்தகத்தில் உண்மையிலேயே நடந்த ஒரே காரியத்தை நம்ப முடியவில்லை என்று எழுதிவிட்டேன்.

மன்னிப்புக் கேட்கத்தான் போயிருந்தேன். வாயில் வேறு வந்தது.

"நாரையாரு செத்தது எந்தப் பக்கத்துல?"

"முப்பத்தொண்ணு."

"சடலம்?"

"எந்தச் சடலம்?"

"சடலம் எந்தக் கட்டத்துல இருக்கு? காட்டு."

அவள் புத்தகத்தை எடுத்துப் புரட்டினாள். அலை. மதில். குடை.

"ஸாரே, வரைஞ்சது நானு. அவரு செத்தாரா இல்லியான்னு எனக்கு அறியாதா?"

"நீ எப்படி அறிஞ்ச? கண்டியா, கேட்டறிஞ்சியா? கடப்புறத்துல போய்க் கேளு மக்களே. கடலுக்குப் போனவன் வரல்லன்னா 'காணவில்லை'ன்னுதான் எழுதுவோம். செத்தான்னு எழுத விடமாட்டாவ. சர்க்காரே ஏழு வருஷம் காத்திருக்கும். உனக்கு ஒரு கட்டம் கழிஞ்சதும் செத்துட்டாரா?"

சொல்லும்போது சிரிப்பாகத்தான் தொடங்கினேன். முடிக்கும்போது சிரிப்பாக இல்லை. கடப்புறத்தில் எத்தனை மீனவர் வீட்டு வாசலில் நான் அந்த வார்த்தையை எழுதிக்கொண்டு நின்றிருக்கிறேன்.

அவள் மிதக்கும் அந்தக் குடையின்மேல் விரலை வைத்தாள். பிறகு, "பதினோரு பக்கம் கூடுதல்தான், இல்லியா ஸாரே?" என்றாள்.

"ரொம்பக் கூடுதல். அதுல மாத்தமில்ல."

2 நவம்பர், ஞாயிறு

கல்லறைத் திருநாள். மழை. குடும்பக் கல்லறையில் மெழுகுவர்த்தி ஏற்றினோம். கிளாரா ஒன்று கூடுதலாக வாங்கியிருந்தாள். யாருக்கு என்றேன். "பறவைக்கு. காணல்லன்னா திரும்பி வரட்டும், செத்துட்டுன்னா மோட்சத்துக்குப் போட்டும்." பக்கத்துக் கல்லறைக்காரர் யாருக்கு என்ன ஆயிற்று என்று விசாரித்தார். அவரிடம் எதைச் சொல்ல?

20 டிசம்பர், சனி

தகவல் இல்லை. கேட்கவும் இல்லை. கேட்காமல் இருப்பது எவ்வளவு கஷ்டம்.

8 பிப்ரவரி 2015, ஞாயிறு

மூன்றாம் பாகம்! ததேயுஸ் கடைப்பையன் கையில் கொடுத்து வீட்டுக்கே அனுப்பிவிட்டான்.

சுயம்புராஜ் விமர்சனம் கேட்டான். முடியாது என்றேன், இந்த வழக்கில் நான் கட்சிக்காரன். எனவே இங்கே மட்டும் எழுதுகிறேன்.

நாரையார் ஒரு கட்டுமரத்தில், நனைந்துபோய்த் திரும்பி வருகிறார். கோட்டை வாசலில் அவருக்கே கண்ணீர் அஞ்சலி பேனர் கட்டியிருக்கிறார்கள். படத்தில் தலை நிறையக் கறுப்பு முடி! நாரைக்கு முடி ஏது? பேனரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, கட்டியவனைக் கூப்பிட்டுத் தப்புகளை ஒவ்வொன்றாகச் சொல்கிறார். அவன் அழுதுகொண்டே குறித்துக்கொள்கிறான். கிளாரா இந்த இடத்தில் மூச்சுத் திணறிப் புத்தகத்தைக் கீழே வைத்துவிட்டாள்.

போர் இரண்டே பக்கத்தில் நிற்கிறது. இந்தமுறை அவர் சிப்பாய்களிடம் போகவில்லை. நேராக உப்பரசனிடம் போய், இதுவரை உம் பெயரை யாராவது கேட்டார்களா என்று கேட்கிறார். அவனுக்குச் சொல்லத் தெரியவில்லை. யோசிக்கிறான். கண்ணில் நீர் வருகிறது, கன்னத்தில் வழிந்த இடமெல்லாம் உப்பு கரைகிறது. பந்தல் பிடித்தவர்கள் என்ன செய்வதென்று தெரியாமல் நிற்கிறார்கள். வெளியிலிருந்து வரும் மழைக்குத்தான் பந்தல் உதவும். இதை நான் எதிர்பார்க்கவில்லை. தாரகை விளக்கோடு படியேறி வெளியே வருகிறாள். பேச்சே இல்லாத ஒரு பக்கம்.

முகிலன் இப்போதும் தேறவில்லை. குதிரைகள் இப்போதும் ஆடுகள்தான்.

10 பிப்ரவரி, செவ்வாய்

ஷிபா போன். "குறை பறையுங்கோ ஸாரே."

முகிலனைச் சொன்னேன். குதிரையைச் சொன்னேன். "அந்த அஞ்சலி பேனர்ல நாரையாருக்கு வயசு எண்பதுன்னு போட்டிருக்க. அவரே அதைத் தப்புன்னு சொல்லுதாரு. ஆனா சரியான வயசு புத்தகத்துல எங்கயும் இல்ல. அது குறைதான்."

"செரி ஸாரே. ரெண்டாம் பதிப்புல திருத்திடுதேன். சரியான வயசு எத்தனை?"

"ஐம்பத்தஞ்சு."

அடுக்களையிலிருந்து கிளாரா உரக்கச் சொன்னாள்: "ஐம்பத்தொம்பது!"

மறுமுனையில் பேனா உரசும் சத்தம் கேட்டது. எதைக் குறித்துக்கொண்டாள் என்று நான் கேட்கவில்லை.