அலவத்துகொடையில் ஓடும், வீட்டில் ஓடாது

மே 6, செவ்வாய்

லெப்டொப்பை ஓன் பண்ணிவிட்டு அரிசி களைந்து உலையில் போட்டேன். சோறு வடித்து முடிந்தது. அது இன்னும் திறந்தபாடில்லை. கூட்டிச் சொல்லவில்லை, இதுதான் நடந்தது.

ஒரு வாரத்துக்கு மேலாக இதே கூத்து. இன்று யூடியூபில் சொல்லிக் கொடுத்தபடி உள்ளே போய்ப் புரொசசரின் வேகத்தைப் பார்த்தேன். 2.4இல் ஓட வேண்டியது 0.39இல் நிற்கிறது. எதைத் திறந்தாலும் 0.39. எல்லாவற்றையும் மூடினாலும் 0.39. பிடிவாதம் என்றால் இதுவல்லவா பிடிவாதம். பேட்டரியும் செத்துக் கிடக்கிறது, வயரைப் பிடுங்கினால் அந்த இடத்திலேயே அணைந்துவிடும்.

17ஆம் திகதி சனிக்கிழமை மெல்பனில் உள்ள தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்கு நான் ஒன்லைனில் ஒரு வகுப்பு எடுத்துக் காட்ட வேண்டும். பிடித்திருந்தால் வேலை. வேலை கிடைத்தால் என் வீட்டுக்காரர் பற்றிக் டிசம்பரோடு டோஹாவை விட்டு ஒரேயடியாக வீட்டுக்கு வந்துவிடலாம். கிடைக்காவிட்டால் இன்னொரு கொன்ட்ரக்ட். ஈஸ்டருக்கு வந்து, வந்த சுவடு தெரியாமல் போன மனுஷன்.

அந்தப் பள்ளிக்கூடத்தின் பொறுப்பாளர் நதா அண்ணன் இன்று சும்மா பேசிப் பார்க்க வீடியோ கோல் எடுத்தார். யாழ்ப்பாணத்துக்காரர். "தங்கச்சி, உங்கட சத்தம் விட்டு விட்டு வருது. படம் அப்பிடியே நிண்டு போகுது. சனிக்கிழமை தாய் தகப்பன்மாரும் பாத்துக்கொண்டு இருப்பினம். அதுக்கு முன்னம் சரியாக்கிப் போடுங்கோ."

ஓம் அண்ணா என்றேன். 'ஆமா' சொல்லியே பழகிய என் வாயில் அந்த 'ஓம்' பொருந்தவே இல்லை.

மே 7

பற்றிக்: "ரீஸ்டார்ட் பண்ணிப் பாத்தியா?"

மே 9, வெள்ளி

அலவத்துகொடையில் உள்ள கம்பியூட்டர் கடைக்குக் கொண்டு போனேன். கட்டுகஸ்தோட்டையிலிருந்து மாத்தளை பஸ்ஸில் நின்றுகொண்டே பயணம். ஜும்மா தொழுகைக்குக் கடை சாத்தியிருந்தது. திறக்கும்வரை வெயிலில் காவல்.

கடைக்காரர் மஹ்மூத் நல்ல மனிதர். மேசையில் வைத்தார், கடை வயரை மாட்டினார், திறந்தார். பறக்கிறது! 2.4, 3.1 என்று என் கண் முன்னாலேயே ஏறுகிறது.

"ஒண்டுமில்லயே மிஸ். நல்லா ஓடுதே."

"வீட்டுல ஓடலங்க."

"எதுக்கும் விண்டோஸ் புதுசா அடிச்சித் தாறன். இனி ஒரு பிரச்சினையும் வராது."

அடித்துத் தந்தார். வீட்டுக்கு வந்து மாட்டினேன். 0.39.

மே 10

இன்று லெப்டொப்போடு வீடு முழுக்க ஊர்வலம். ஹோல் மேசை, குசினி, அலுமாரிப் பக்கம். கீழே நாலு புத்தகம் அடுக்கிக் காற்றுப் போக வழி செய்தேன். மின்விசிறியை நேரே அதன் முகத்துக்குத் திருப்பினேன். எனக்குத்தான் வேர்த்துக் கொட்டியது, அது ஜில்லென்று இருக்கிறது. சூடாகிச் சோர்ந்தால்கூட ஒரு நியாயம் உண்டு.

பற்றிக் ஹோட்டல் ஸ்டோர் கீப்பரா இல்லை கம்பியூட்டர் எஞ்சினியரா தெரியவில்லை. "பவர் செட்டிங்க மாத்து. வைரஸ் செக் பண்ணு. ஃபேன கழட்டித் தொடச்சிப் பாரு." அங்கேயிருந்துகொண்டு வாயால் எதையும் கழற்றலாம்.

மே 12, வெசாக்

கடை எல்லாம் பூட்டு. ரோட்டில் இலவச ஐஸ்கிரீம் தன்சலுக்கு வரிசை. ஊரே ஐஸ்கிரீம் சாப்பிடுகிறது. நான் 0.39ஐப் பார்த்துக்கொண்டு இருக்கிறேன்.

மே 14

மறுபடியும் அலவத்துகொடை. மறுபடியும் பறந்தது. மானம் போயிற்று. மஹ்மூத் என்னைப் பார்த்த பார்வையில் கொஞ்சம் இரக்கம் இருந்தது.

"சார்ஜர் வேணுமா, அடுத்த தடவ கொண்டு வரவா?" என்று கேட்டேன்.

"அது என்னத்துக்கு மிஸ், பாரம். எங்கட்ட இரிக்கி. ஒங்கட ஊட்டுக் கரண்ட்லதான் கொழப்பம். வயரிங் பாக்கச் சொல்லுங்க."

இதைப் பற்றிக்கின் அம்மாவிடம் சொன்னது என் பிழை. டொரதி மாமிக்கு வயரிங் என்பது காதில் ஏறவில்லை, கோளாறு வீட்டில் என்பது மட்டும் ஏறிவிட்டது. "நான் அப்பவே சொன்னேன், ஃபாதர கூப்பிட்டு வீட்ட மந்திரிக்கணும்னு." சொல்லிக்கொண்டே தீர்த்தப் போத்தலோடு பிளக் பக்கம் போகிறார். ஓடிப் போய்க் கையைப் பிடித்தேன். ஒரு சாவு வேறு விழுந்திருக்கும்.

மே 15, வியாழன்

சண்டை. பெரிய சண்டை.

"பயோஸ்ல ஏதும் இருக்கும், அத..." என்று பற்றிக் தொடங்கியதும் எனக்கு எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை. "இங்க வந்து பாருங்களேன்! எல்லாத்தையும் அங்க இருந்தே சொல்லுங்க! உங்களுக்கு அங்க இருக்கத்தான் விருப்பம். இந்த வேலை கெடைக்காட்டி உங்களுக்கு நல்லதுதானே?"

"சரி அனற். நீ தூங்கு." வைத்துவிட்டார்.

ஏன் அப்படிச் சொன்னேன்? நான் நினைக்காததா? நினைத்ததுதான். வெயில், சாப்பாடு, தனிமை என்று ஒரு நாளும் முறைப்பாடு செய்ததில்லை அவர். முறைப்பாடு இல்லாத மனுஷனுக்கு அந்த இடம் பிடித்துவிட்டது என்றுதானே நினைப்பேன்.

மே 16, வெள்ளி

வீட்டில் இருப்பது எது, கடையில் இல்லாதது எது? கரண்ட், பிளக், மாமி. அப்புறம் — சார்ஜர்.

குனிந்து எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். பின்னால் பற்றிக்கின் ஹோட்டல் பெயர், ஒரு நம்பர். கம்பனிச் சொத்து.

இது என்னுடையதே இல்லை! அவருடைய கம்பனி லெப்டொப் சின்னது, அதன் சார்ஜரும் சின்னது. முனை மட்டும் ஒன்று, அச்சொட்டாகப் பொருந்தும். கரண்ட் போதாதபடியால் என்னுடையது அடக்கி வாசித்திருக்கிறது, பாவம். அதைப் போய் எத்தனை பேச்சுப் பேசினேன்.

அவர் போன அன்று பின்னேரம் இடி இடித்தது. முதல் இடிக்கே மாமி எங்கள் வீட்டில் உள்ள அத்தனை பிளக்கையும் பிடுங்கிக் கட்டிலில் போட்டார், எப்போதும் போல. லைட்டும் போய்விட்டது. வேன்காரர் ஹோர்ன் அடிக்கிறார். பற்றிக் இருட்டில் கையில் அகப்பட்ட சார்ஜரைப் பேக்கில் திணித்திருக்கிறார்.

உடனே பற்றிக்குக் கோல் எடுத்தேன். நேற்றைய கோபம் இன்னும் மிச்சம் இருந்தது, நன்றாகக் கொடுக்கலாம் என்று தயாராகத்தான் இருந்தேன். "உங்க சார்ஜர எடுத்துப் பாருங்க. என்னோடதுல அந்தோனியார் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும்."

"ஆமா, இருக்கு."

"இருக்கா? இத்தன நாளா கண்ணுக்கு முன்னால..."

"நீ எனக்காக ஒட்டி அனுப்பினதுன்னு நெனச்சேன்."

கையிலிருந்த அவருடைய சார்ஜரை மேசையில் வைத்தேன்.

"கேட்டா நீ வெக்கப்படுவேன்னு கேக்கல. டியூட்டிக்குப் போக முந்தி தொட்டுக் கும்பிட்டுட்டுத்தான் போவேன். இங்க ரூம்ல வேற படம் ஒண்ணும் வைக்க இடமில்ல."

இரண்டு சார்ஜரும் மாறக்கூடாது என்றுதான் நான் அதை ஒட்டினேன். அடையாளத்துக்கு. வேறு ஒன்றுக்கும் இல்லை.

"வேற யாருக்கு ஒட்டுவேன்?" என்றேன்.

பின்னேரம் அலவத்துகொடைக்குப் போய் என் லெப்டொப்புக்குச் சரியான சார்ஜர் ஒன்று வாங்கி வந்தேன். விஷயத்தைச் சொன்னதும் மஹ்மூத் தலையில் கை வைத்துக்கொண்டார்.

மே 17, சனி

வகுப்பு நடந்தது. எங்கும் நிற்கவில்லை. ஆறு பிள்ளைகள், பின்னால் தாய் தகப்பன்மாரின் தலைகள். 'ஓம்' எல்லாம் போடவில்லை, என் தமிழிலேயே பேசினேன். ஒரு சின்னவள் கேட்டாள்: "மிஸ், நீங்க வாங்க வாங்க எண்டு சொல்லுறது வடிவா இருக்கு. ஏன் அப்பிடி?"

மே 29, வியாழன்

நதா அண்ணன் எடுத்தார். ஜூனிலிருந்து இரண்டு வகுப்பு எனக்காம்.

பற்றிக்கிடம் சொன்னேன். சந்தோஷம் என்பார், கொஞ்சம் யோசிப்போம் என்பார், கொன்ட்ரக்ட் முடிய இன்னும் நாள் இருக்கிறது என்பார் என்றெல்லாம் பதில் தயாராக வைத்திருந்தேன்.

"அப்ப நாளைக்கே மனேஜர்கிட்ட சொல்லிரட்டா, டிசம்பரோட போறேன்னு?"

"நாளைக்கு வெள்ளிக்கிழமை. அங்க சனி வரைக்கும் ஆபீஸ் லீவு."

"ஓ..."

ஞாயிறு வரை எப்படிப் பொறுப்பது என்று கேட்கிறார். இந்த மனுஷனுக்கு இவ்வளவு அவசரம் இருந்தது எனக்குத் தெரியவே தெரியாது.