இன்னொரு விடை

8-7-1957, திங்கள்

பத்தாம் வகுப்பில் x² = 5x போட்டேன். இரண்டு பக்கமும் x-ஆல் வகுத்தால் x = 5. பத்தொன்பது வருஷமாக இப்படித்தான் போடுகிறேன். போன மாதம் தற்காலிக வேலைக்கு வந்த கணக்கு டீச்சர் மீனம்மாள் வராந்தாவில் நின்று பார்த்திருக்கிறாள். ஆசிரியர் அறையில் மெதுவாகத்தான் சொன்னாள்.

“சார், x பூஜ்யமாவும் இருக்கலாமுங்களே. பூஜ்யத்தால வகுக்கக் கூடாதுங்க. ஒரு விடை விட்டுப்போகுது.”

டிரில் மாஸ்டர் சூசைராஜ் சிரித்துவிட்டார். உன் வேலையைப் பார் என்று அவளிடம் சொன்னேன். காது இன்னும் எரிகிறது.

9-7-1957

வீட்டில் போட்டுப் பார்த்தேன். x இடத்தில் பூஜ்யம் வைத்தால் இரண்டு பக்கமும் பூஜ்யம். வகுக்காமல் எல்லாவற்றையும் ஒரு பக்கம் கொண்டுவந்தால் x(x − 5) = 0. பூஜ்யமும் விடை, ஐந்தும் விடை.

அவள் சொன்னதுதான் சரி.

10-7-1957

யாரிடமும் சொல்லவில்லை.

20-9-1957

காலாண்டுப் பரீட்சைத் தாள். பதினோரு பிள்ளைகள் அதே மாதிரிக் கணக்குக்கு இரண்டு விடை எழுதியிருக்கிறார்கள் — மீனம்மாளிடம் போய்க் கேட்டிருக்கிறார்கள். அத்தனை பேருக்கும் சிவப்பு மையில் அடித்து முட்டை போட்டேன்.

30-9-1957

பெற்றோர் வந்து சத்தம் போட்டதால் ஹெட்மாஸ்டர் பழனிச்சாமி எங்கள் இருவரையும் கூப்பிட்டார். அவர் சரித்திரம் படித்தவர். என்னைத்தான் கேட்டார்.

“நீங்க சொல்லுங்க. அந்தம்மா சொல்றது சரியா?”

“தப்புங்க.”

மீனம்மாள் சாக்பீஸை எடுத்தாள், போட்டுக் காட்டுகிறேன் என்று. வேண்டாம் என்றுவிட்டார். நாளை முதல் அவளை வர வேண்டாம் என்றும் சொல்லிவிட்டார்.

1-10-1957

பஸ் நிறுத்தத்துக்குப் போனேன். எதுக்குப் போனேன்? போயிட்டாளான்னு பாக்கத்தான். வேற என்ன?

தகரப்பெட்டியோடு நின்றாள். புருஷன் விட்டுப் போனவள். மணமேல்குடியில் அண்ணன் வீட்டில் எல்லோரும் தின்றபின் மிஞ்சினதுதான் அவளுக்கு என்று சூசைராஜ் சொல்லியிருக்கிறார். அங்கேதான் திரும்பப் போகிறாள்.

“ஒங்களுக்குத் தெரியும் சார். அன்னைக்கே தெரியும்.”

குரல் உயரவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். முகத்தைத் திருப்பிக்கொண்டேன். பஸ் போன பிறகுதான் நகர்ந்தேன்.

16-6-1958, திங்கள்

நார்த்தாமலைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்திலிருந்து கடிதம். மீனம்மாள் வேலை கேட்டிருக்கிறாளாம். கூட வேலை பார்த்த கணக்கு வாத்தியார் என்று, ஆள் எப்படி என என்னைக் கேட்டிருக்கிறார்கள்.

காலை முழுவதும் யோசித்தேன். அவள் அங்கே போனால் இங்கே நடந்ததைச் சொல்லாமல் வாயை மூடிக்கொண்டா இருப்பாள்? ‘பாடத்தில் பிழை உண்டு. பிள்ளைகளைக் குழப்புவார்’ என்று எழுதி, ஒட்டி, நானே தபாலில் போட்டுவிட்டு வந்தேன்.

மத்தியானம் பத்தாம் வகுப்பில் x² = 9x. வகுக்கவில்லை. ஒரு பக்கம் கொண்டுவந்து இரண்டு விடையும் எழுதினேன். x பூஜ்யமாக இருக்கலாம், அதனால் வகுக்கக் கூடாது என்றேன்.

பிள்ளைகள் அப்படியே எழுதிக்கொண்டார்கள்.