உன் எடையும் பின் ஆக்சில் புஷ்ஷும்

மேசைமேல் உன் காரிலிருந்து கழற்றிய அந்தக் கிழிந்த புஷ் இருக்கிறது. உள்ளங்கையில் அடங்குகிற இரும்பு வளையம், அதற்குள் கறுப்பு ரப்பர், ரப்பருக்கு நடுவில் போல்ட் நுழைகிற குழாய். செய்தித்தாள் பறக்காமல் இருக்க அதைத்தான் வைக்கிறேன். மின்விசிறியைப் போட்டதும் கிரீஸும் பழைய ரப்பருமாக ஒரு வாடை கிளம்புகிறது. வீட்டுக்கு வருகிறவர்கள் முகம் சுளிக்கிறார்கள். சுளிக்கட்டும். அந்த வாடை வந்தால் எனக்கு நீ வந்து எதிரில் உட்கார்ந்த மாதிரி இருக்கிறது. உன் கார் என்ன ஆயிற்று என்று உனக்குச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

முகப்பேரில் ஒரே பிளாக், நான் கீழ் வீடு, நீ மாடி. ஆவடியில் ஒரே அலுவலகம். பஸ்ஸில் நசுங்கிக்கொண்டு போன நம் இருவரையும் உன் பழைய கார்தான் மனுஷிகளாக்கியது. எனக்கும் ஓட்ட வரும், ஆனாலும் நீதான் ஓட்டுவாய், நான் இடப்பக்கம். மாமியார், மாத்திரை, மேலதிகாரி எல்லாரையும் அம்பத்தூர் தாண்டுவதற்குள் ஒரு வழி பண்ணிவிடுவோம்.

அந்தக் காருக்கு ஒரு வியாதி. நேரான சாலையிலும் ஸ்டியரிங்கை ஒரு பக்கம் சாய்த்துப் பிடித்தால்தான் வண்டி நேராகப் போகும். போகிற கடையெல்லாம் முன் சக்கரங்களுக்கு அலைன்மென்ட் பார்த்து அனுப்பினார்கள். ஒரு வாரம் நன்றாக இருக்கும், பிறகு பழைய குருடி கதைதான். பழைய வண்டி என்றால் அப்படித்தான் இருக்கும், விடேன் என்றேன். நீயா விடுகிற ஆள்?

“அப்டித்தான் இருக்கும்னா இன்னாடி அர்த்தம்? எதுனால அப்டி கீது?”

ஒரு மழை ஓய்ந்த மாலை, வீட்டுக்குத் திரும்பாமல் காரை அயனம்பாக்கம் ஏரிப் பக்கம் விட்டாய். தேங்கியிருந்த தண்ணீருக்குள் மெதுவாக ஓட்டிப் போய், காய்ந்த இடத்தில் நிறுத்தி, என்னையும் இழுத்துக்கொண்டு இறங்கினாய். சாலையில் ஈரத் தடங்கள். முன் சக்கரத்தின் தடத்தின் மேலேயே பின் சக்கரத்தின் தடம் விழ வேண்டும் என்றாய். விழவில்லை. இரண்டு விரல் தள்ளி விழுந்திருந்தது. தெருநாய் ஓடும்போது பின்னங்கால் ஒரு பக்கமாக ஒதுங்கி வருமே, அப்படி ஓடிக்கொண்டிருந்தது நம் வண்டி. நடுரோட்டில் குந்தி உட்கார்ந்து தரையைப் பார்க்கிற இரண்டு பெண்களைப் பைக்கில் போனவர்கள் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு மானம் போயிற்று. உனக்கோ புதையல் கிடைத்த முகம்.

“முன்னாடி கீறவன் நல்லவன்டி. பின்னாடி கீறவன்தான் தள்றான்.”

நீ சொன்னது சரி. பின் ஆக்சிலைக் காரின் உடம்போடு பிடித்து வைத்திருக்கிற இந்த ரப்பர் புஷ் கிழிந்திருந்தது. அம்பத்தூர் மெக்கானிக் புதுசு போட்டார். சில மாதம் ஓடியது, அதுவும் கிழிந்தது. மறுபடி மாற்றினார். கழற்றிப் போட்டதை நீ விடாமல் வாங்கிவந்து, என் சமையலறைத் தரையில் உட்கார்ந்து, வளையத்தை என்னைப் பிடிக்கச் சொல்லிக் குழாய்க்குள் ஸ்குரூ டிரைவரை நெம்பித் திருகினாய். ரப்பர் முறுக்கிக்கொண்டு இழுத்தது. அடுப்பில் குழம்பு அடிப்பிடித்ததை நாம் இருவரும் கவனிக்கவில்லை.

அவர் வண்டியை மேலே தூக்கி, சக்கரம் அந்தரத்தில் தொங்கும்போதே போல்ட்டை முடுக்கிவிடுகிறார் என்று கண்டுபிடித்தாய். கீழே இறக்கியதும் சக்கரம் மேலே ஏறும், ரப்பர் முறுக்கிக்கொள்ளும், பிறகு எந்நேரமும் அந்த முறுக்கிலேயே கிடக்கும்.

“வண்டி நின்னா ரப்பரு தூங்கணும்டி. இது நின்னாலும் முழிச்சிகினே கீது. நேத்து போட்டதும் கிழியும், பாரு.”

அடுத்த வாரம் போய் அவரிடம் சொல்லலாம் என்றாய். அடுத்த வாரம் நீ ஆஸ்பத்திரியில். அப்புறம் நீயே இல்லை. இதைச் சுற்றி வளைத்து எழுத எனக்கு வராது. இப்போதும் கோபம்தான் வருகிறது. ஒரு கேள்வியைப் பாதியில் விட்டுப் போகிற ஆளா நீ?

நீ சொன்னபடியே அதுவும் கிழிந்தது. உன் வீட்டுக்காரர் ஒரு நாள் காரை எடுத்துப் போய்விட்டு முகம் வெளிறித் திரும்பினார். கைக்கு அடங்கவில்லையாம். காரை உடைத்து இரும்புக்கு எடுக்கிற காயலான் கடைக்காரரிடம் பேசிவிட்டதாகச் சொன்னார்.

“அவ இல்லாம அது கீழ நிக்கறத பாக்க முடியலம்மா. ஓட்டவும் முடியல.”

நாம் பேசியதெல்லாம் அந்தக் காருக்குள்தானே இருக்கிறது? ஒரே ஒரு தடவை என்னிடம் கொடுங்கள் அண்ணே, அப்போதும் கோணலாக ஓடினால் உங்கள் இஷ்டம் என்று சாவியை வாங்கிவந்தேன்.

அம்பத்தூர் வரை ஊர்ந்து ஊர்ந்து ஓட்டிப் போய் மெக்கானிக்கிடம் நீ சொன்னதைச் சொன்னேன். நான் கொண்டுபோயிருந்த இந்தக் கிழிந்த புஷ்ஷை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவசரத்தில் மேலேயே முடுக்கிவிடுவது வழக்கம்தான் என்றார். புதிய புஷ்களைப் பொருத்தி, போல்ட்டை முடுக்காமல், வண்டியை, கீழே இறங்கி வேலை பார்க்கிற குழியின் மேல் நாலு சக்கரமும் தரையில் நிற்க நிறுத்தினார். வழக்கமாக ஏறுகிற ஆட்கள் ஏறி உட்கார்ந்தால் இன்னும் சரியாக வரும், எத்தனை பேர் போவீர்கள் என்று கேட்டார். ரெண்டு பேர் என்று வாய் சொல்லிவிட்டது.

அவர் வாசல் பக்கம் பார்த்தார். பிறகு நீ இல்லை என்பது அவருக்கே ஞாபகம் வந்துவிட்டது. நான் ஸ்டியரிங் முன்னால் ஏறி உட்கார்ந்தேன். அவர் ஒரு மணல் மூட்டையைத் தூக்கிவந்து இடப்பக்க இருக்கையில் வைத்தார். உன் இடத்தில் நான், என் இடத்தில் நீ.

“இன்னொரு மூட்டை வைங்க. அவ என்னை மாதிரி இல்ல, நல்ல கனம்.”

இதை நீ கேட்டிருந்தால் என்னை அடித்தே இருப்பாய். அவர் இன்னொன்றும் வைத்துவிட்டுக் குழிக்குள் இறங்கினார். போல்ட் இறுகுகிற அதிர்வு இருக்கை வழியாக எனக்குத் தெரிந்தது. மூட்டைமேல் கை வைத்துக்கொண்டு நன்றாக அழுதேன்.

மறுநாள் ஏரிப் பக்கம் போனேன். மழை இல்லை, ஒரு குடம் தண்ணீரை நானே சாலையில் ஊற்றினேன். உன் வீட்டுக்காரர் காரில் ஏற மாட்டேன் என்று ஸ்கூட்டரில் பின்னால் வந்தார். நான் ஓட்டிப் போய் நிறுத்தி இறங்குவதற்குள் அவர் தரையில் குந்திவிட்டார், உன்னை மாதிரியே.

“ஒண்ணு மேல ஒண்ணு கீதும்மா” என்றார். ஈரம் காய்கிற வரை எழுந்திருக்கவில்லை. எழுந்ததும் காயலான் கடைக்காரருக்குப் போன் போட்டு வர வேண்டாம் என்றார். நாளைக்கு ஆபீஸ் போகும்போது தன்னை அம்பத்தூர் ஸ்டேஷனில் இறக்கிவிட முடியுமா என்று என்னிடம் கேட்டார்.

இப்போது தினமும் வருகிறார், அதிகம் பேசுவதில்லை. எனக்கோ உன் வியாதி தொற்றிவிட்டது. முன்னால் போகிற கார் நேராகப் போகிறதா, பின்பக்கம் ஒதுங்குகிறதா என்றுதான் பார்க்கிறேன், ஒதுங்கினால் எதனால் என்று மண்டையைக் குடைகிறது. அவரை இறக்கிவிட்ட பிறகு ஆவடி வரைக்கும் அந்த இருக்கை காலிதான். கீழே போல்ட் உன் எடைக்கு முடுக்கியபடியே இருக்கிறது.