வால் ஒட்டிய கல்

ஜூன் 3, செவ்வாய்
காலையில் பட்டறையில் இறங்கிய தளக்கல்லில் பாதிக்கு விரிசல். லாரிக்காரரிடம் கத்திக்கொண்டிருந்தபோது மாப்பிள்ளையிடமிருந்து போன். "மாமா, நம்ம கல்லு சாதாரணக் கல்லு இல்ல மாமா!" மூச்சு வாங்கினார்.

மகள் புது வீட்டுக்குக் குடிபோனபோது சுவரில் மாட்ட நான் கொடுத்த கல். பல்லி மாதிரி ஏதோ ஒன்றின் எலும்பு அதில் பதிந்திருக்கும். புதைபடிவ ஆராய்ச்சிதான் அவருக்கு உத்தியோகம். கால்கள் தரையில் நடக்கிற கால்களாம்; வாலோ துடுப்பு மாதிரித் தட்டையாம். தரையை விட்டுக் கடலுக்குள் இறங்கிய காலத்து உயிர், இதுவரை யாரும் பார்க்காதது என்றார்.

"வெட்டி எடுத்தபடியேதானே இருக்கு? யாரும் கை வைக்கலையே மாமா?"

"சேச்சே, எடுத்தபடியே மாப்பிள்ளை."

யோசிக்கவே இல்லை. முப்பது வருடம் வாடிக்கையாளருக்குச் சொல்லிப் பழகிய நாக்கு.

வால் நான் ஒட்டவைத்தது.

ஜூன் 4, புதன்
அந்தக் கல் மூலை உடைந்துதான் பட்டறைக்கு வந்தது. அதிலிருந்த உயிர் இடுப்போடு முடிந்துபோயிருந்தது. மகளுக்குக் கொடுக்கிற பொருள், மொட்டையாகவா கொடுப்பது? வேறொரு கல்லில் ஒரு வால் கிடந்தது. என் பட்டறை மேஸ்திரி அதை அளந்து அறுத்து, பிசினில் அதே கல்தூளைக் குழைத்து ஒட்டி, மெருகு போட்டார். எங்கள் தொழிலில் இது ஏமாற்று இல்லை. ஒட்டுப் போடாத பட்டறை எது?

மேஸ்திரியிடம் சொன்னேன். சிரிக்கிறார். "நான் போட்ட ஒட்டு, முதலாளி. பூதக்கண்ணாடி வச்சாலும் தெரியாது."

"அதான்யா இப்ப வம்பு."

ஜூன் 8, ஞாயிறு
மகள் வந்திருந்தாள். பத்தொன்பதாம் தேதி பெரிய கூட்டம், மாப்பிள்ளை பேசுகிறார். "நல்லாப் பேசிட்டா வேலைய நிரந்தரம் ஆக்கிடுவாங்கப்பா. எல்லாம் உங்க கல்லு புண்ணியம்." கல்லை ஸ்கேன் எடுக்க வரிசை நீளமாம், கூட்டம் முடிந்துதான் கிடைக்குமாம்.

அப்படியென்றால் ஊரைக் கூட்டிச் சொன்ன பிறகு ஸ்கேனில் பிசின் தெரியும். அவர்தான் ஒட்டினார் என்பார்கள். என்னை யார் கேட்கப்போகிறார்கள்?

ஜூன் 11, புதன்
போனை எடுத்தேன். வைத்தேன். நாலு தடவை.

ஜூன் 12, வியாழன்
நேரில் போனேன். ஆராய்ச்சிக்கூடத்தில் மாப்பிள்ளை கல்லை மெத்தை மாதிரிப் பஞ்சில் கிடத்தி வைத்திருந்தார். சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டேன்.

கல்லின் மேல் குனிந்தார். பிறகு, "எங்க?"

நகத்தை ஒட்டின் மேல் வைத்துக் காட்டினேன். லென்ஸை வைத்துப் பார்த்தார். விளக்கைச் சாய்த்துப் பார்த்தார். "ஒண்ணும் தெரியலையே..." என்றார். மேஸ்திரியின் கைவேலையைப் பார்த்து நான் கூனிக்குறுகியது இதுதான் முதல் தடவை.

"அன்னைக்கே கேட்டேனே." அவ்வளவுதான் சொன்னார். மாமா என்று சொல்லவில்லை.

ஜூன் 13, வெள்ளி
மகள் போனில்: "அழகுக்கா? அழகுக்கா ஒட்டுனீங்க? அதென்ன பாத்ரூம் தரையாப்பா?"

போனை மேசை மேல் கவிழ்த்து வைத்தேன். முப்பது வருடம் எதற்கும் ஒரு பதில் வைத்திருந்தவன்.

ஜூன் 19, வியாழன்
மாப்பிள்ளை கூட்டத்தில் பேசவில்லை. 'நிரந்தரம் அடுத்த வருஷம் பாக்கலாம்னுட்டாங்க' — மகளின் மெசேஜ். சொல்லாமலே இருந்திருக்கலாமோ? இல்லை. அது இன்னும் நாறியிருக்கும்.

ஜூன் 22, ஞாயிறு
மாப்பிள்ளை மெசேஜ்: 'வாலும் நிஜ எலும்புதான். எந்தக் கல்லிலிருந்து எடுத்தது? மிச்சம் எங்கே?'

மேஸ்திரியைக் கூப்பிட்டுக் கேட்டேன். தலையைச் சொறிந்தார். "அந்தக் கல்லா? பூச்சி ஊர்ந்த மாதிரி இருக்குன்னு எவனும் வாங்கல. நீங்கதானே சொன்னீங்க, நம்ம ஆபீஸ் ரூம் தரையிலயே பதிச்சுருன்னு?"

இருவரும் குனிந்து பார்த்தோம். என் நாற்காலிக் காலுக்கும் குப்பைத்தொட்டிக்கும் நடுவே வரிசையாக விலா எலும்புகள். தினமும் அதன் மேல்தான் செருப்பைக் கழற்றிப் போடுகிறேன்.

மேஸ்திரி, "ஓரத்துல லேசா விரிசல் விட்டிருக்கு, அவர் வர்றதுக்குள்ள பூசி..." என்று ஆரம்பித்தார்.

"கைய வச்சே, தொலைச்சுடுவேன்."

ஜூன் 29, ஞாயிறு
காலையிலிருந்து மாப்பிள்ளை என் ஆபீஸ் தரையில் குப்புறக் கிடக்கிறார், கையில் விளக்கும் தூரிகையும். கல் பார்க்க வந்த ஒரு வாடிக்கையாளரை வாசலிலேயே நிறுத்தி அனுப்பிவிட்டேன். அந்த உயிரின் தலைப்பகுதி என் மேசைக்கு அடியில் போகிறதாம், மேசையோ கனத்த இரும்பு.

எழுந்து உட்கார்ந்தார். முழங்கையெல்லாம் தூசி.

"மாமா, மேசைய அந்தப் பக்கம் கொஞ்சம் பிடிங்க."

பிடித்தேன்.