மெலிந்த கழித்தல் குறி

என் செல்வி அக்காவுக்கு,

உன் டியூஷன் பிள்ளைகளுக்காக நீ எழுதிய கணக்குப் புத்தகத்தை இன்று அச்சுக்குக் கொடுத்துவிட்டேன். அதை முதலில் சொல்லிவிடுகிறேன். நீ இருந்திருந்தால் வேறெதையும் பேச விட்டிருக்க மாட்டாய்.

ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முந்தின வாரம், திருத்தங்கல் அச்சகத்தில் மாதிரித் தாளைப் பிடித்துக்கொண்டு கத்தினாயே. "ஏடி, மைனஸ் எங்கடி? பொடிசா ஒரு கோடு, அதையும் தாள் தின்னுட்டு. படிக்கிற புள்ள கூட்டிப் போட்டு பெயிலாகணுமாக்கும்?" அச்சக அண்ணாச்சி சிரித்தார். "விடு தாயி, காலண்டர் சீசன்ல இதையெல்லாம் எவன் பாக்கான்?" நீ சிரிக்கவில்லை.

பக்கம் அமைப்பது என் வேலை. மென்பொருளில் உரைக்கு ஓர் எழுத்துரு, கணிதத்துக்கு ஓர் எழுத்துரு என்று தனித்தனியாகச் சொல்ல வேண்டும். உரைக்கு நீ விரும்பிய தடித்த எழுத்தைக் கொடுத்திருந்தோம். கணிதத்துக்கு எதுவும் சொல்லாததால் மென்பொருளே ஒரு மெல்லிய எழுத்தை எடுத்துக்கொண்டது. திரையில் அழகாகத்தான் இருந்தது. மலிவுத் தாளில் கழித்தல் குறியும் பின்னக் கோடும் காணாமல் போயின. வாக்கியத்தில் வரும் x ஓர் ஆள், சமன்பாட்டில் வரும் x வேறு ஆள்.

உன் காரியம் முடிந்ததும் மறுபடி உட்கார்ந்தேன். எல்லோரும் என் முகத்தையே பார்த்தார்கள். அழுகை வரவில்லை. உரையின் கனத்துக்கு இணையான கணித எழுத்துரு ஒன்று கிடைத்தது. மாற்றியதும் இரண்டு x-உம் ஒரே ஆளாகிவிட்டன. கோடுகள் தாளில் நின்றன. ஆனால் எழுத்து அகலமானது என்பதால் சமன்பாடுகள் அடுத்த வரிக்கு மடங்கி, புத்தகத்தில் ஒரு பக்கம் கூடிவிட்டது.

"ஒரு பாரம்னா ஒரே தாள்ல பதினாறு பக்கம். ஒத்தப் பக்கத்துக்காக இன்னொரு பாரம் ஓட்ட மெஷின் காலியா இல்ல தாயி," என்றார் அண்ணாச்சி. "பழைய எழுத்தே இருக்கட்டும். இல்லேன்னா ஒரு பக்கத்த எடு."

எடுக்கக்கூடிய பக்கம் ஒன்றுதான் இருந்தது. கறுப்புக் கட்டத்துக்குள் உன் படம், பிறப்பு, மறைவு. அம்மா கேட்டு வைத்த பக்கம்.

பட்டாசுக் கம்பெனியிலிருந்து வந்து கை கழுவிக்கொண்டிருந்த அம்மாவிடம் சொன்னேன். "படத்த எடுத்துட்டா, அவ இல்லேன்னு யாருக்குடி தெரியும்?" என்றாள். எவ்வளவு கழுவியும் போகாத வெடிமருந்துக் கறையைச் சேலையில் துடைத்தாள். "தெரியாமலே போகட்டும். கணக்கத் தப்பா போட்டுட்டுப் போயிட்டா செல்வின்னு ஒருத்தி சொல்லிறக் கூடாது."

எடுத்துவிட்டேன். இப்போது அட்டையில் உன் பெயர் மட்டும் இருக்கிறது, உயிரோடு இருப்பவர்களின் பெயரைப் போல. சந்தேகம் கேட்டு யாராவது உன்னைத் தேடி வந்தால் நான் என்ன சொல்வது, அக்கா?

நாளை முதல் தாள் வரும்போது மெஷின் பக்கத்தில் நிற்பேன். ஒரு கழித்தல் குறி விழாவிட்டாலும் நிறுத்தச் சொல்லுவேன். உன் குரலிலேயே கத்துவேன்.

"எங்கடி?" என்று நீ கேட்டால் இன்னும் திரும்பிப் பார்க்கும்,
உன் தங்கை