மூலை மடித்த ஸ்ட்ரிப்

புதன்கிழமை, மதியம்

அன்புள்ள தம்பிக்கும், பிள்ளைகளுக்கும், உங்கள் எல்லோரையும் கட்டி மேய்க்கிற உன் மனைவிக்கும் கர்த்தருடைய சமாதானம் உண்டாகட்டும்.

போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நீ விழிப்பது எனக்குத் தெரிகிறது. போனில் நான் ஒரு வாக்கியம் முடிப்பதற்குள் "சரிக்கா, ஜெபிப்போம்" என்று கண்ணை மூடிவிடுவாய். போதகரைத் தம்பியாக வைத்திருப்பதில் இதுதான் தொல்லை. இந்தத் தடவை நான் முழுவதும் சொல்லி முடித்த பிறகு கண்ணை மூடு.

முதலில் வீட்டுச் செய்தி. உன் அத்தானுக்கு முதுகுவலி பரவாயில்லை. வலி குறைந்ததும் வாய் நீண்டுவிட்டது. உன் மருமகளுக்கு எங்கள் மருத்துவமனையின் நர்சிங் பள்ளியிலேயே இடம் கிடைக்கும் போலிருக்கிறது. ஊழியர்களின் பிள்ளைகளுக்கு முன்னுரிமையாம். இப்போதே வெள்ளை ஷூ வாங்கி அலமாரியில் வைத்துவிட்டாள். தினமும் எடுத்துத் துடைத்துத் திரும்ப வைக்கிறாள். அலமாரியைத் திறக்கும்போது நான் அந்த ஷூவைப் பார்ப்பதில்லை.

என் வேலை உனக்குத் தெரியும். ஆபரேஷனுக்கான கத்தி, கத்திரிக்கோல் எல்லாவற்றையும் துணியில் மூட்டையாகக் கட்டி, பெரிய ஸ்டீம் மெஷினுக்குள் அடுக்கிக் கிருமி இல்லாமல் வேகவைத்து எடுப்பது. ஒவ்வொரு லோடோடும் ஒரு காகித ஸ்ட்ரிப்பை உள்ளே வைப்போம். போதுமான நேரம் சூடு ஏறி நின்றிருந்தால் அதிலுள்ள வெள்ளைக் கோடு கறுப்பாகிவிடும். வெளியே எடுத்ததும் அதை ரிஜிஸ்டரில் ஒட்ட வேண்டும். மூட்டைகளை ஆபரேஷன் தியேட்டருக்குக் கொடுத்தனுப்புகிறவர் பக்கத்தில் கையெழுத்துப் போடுவார். ஒட்டியவர் பெயரை எழுத அதில் இடமே கிடையாது.

ஆறு வாரத்துக்கு முன்பு ஒருநாள், மூன்றாவது லோடை வெளியே எடுத்தேன். ஸ்ட்ரிப் இல்லை. நான்தான் வைக்க மறந்திருக்கிறேன். ஸ்ட்ரிப் இல்லையென்றால் மொத்த லோடையும் மறுபடி போட வேண்டும் என்பது சட்டம். ஒரு மணி நேரமாகும். தியேட்டரிலிருந்து போன் மேல் போன். இரண்டாவது லோடில் மேல் தட்டுக்கு ஒன்று, கீழ்த் தட்டுக்கு ஒன்று என்று இரண்டு வைத்திருந்தேன். அதில் ஒன்று மேஜைமேல் மிச்சமாகக் கிடந்தது. அதை எடுத்து மூன்றாவதுக்கு நேராக ஒட்டிவிட்டேன். மெஷின் ஒருநாளும் மக்கர் பண்ணியதில்லை. அதனால் பொய் சொல்கிறோம் என்றுகூட அப்போது எனக்குத் தோன்றவில்லை.

ஷிப்ட் மாறி நான் வீட்டுக்கு வந்துவிட்டேன். என் இடத்துக்கு வந்தவளை நாங்கள் 'கடிகாரம்' என்று கூப்பிடுவோம். இருபது வருஷத்தில் ஒரு நிமிஷம் பிந்தியதில்லை. அவள் கறுத்த ஸ்ட்ரிப்பைப் பார்த்தாள், கையெழுத்துப் போட்டாள், மூட்டைகளை அனுப்பினாள்.

அன்றைக்குப் பார்த்து, அந்த மூன்றாவது லோடின் பாதியில் மெஷினில் சூடு இறங்கியிருக்கிறது. மெஷினே வரைகிற வரைபடத் தாளில் அது பதிவாகியிருந்தது. மெக்கானிக் வாரம் ஒருமுறைதான் அந்தத் தாளை எடுத்துப் பார்ப்பார். அதற்குள், அந்த மூட்டையை வைத்து முழங்காலில் ஆபரேஷன் செய்துகொண்ட ஒரு கணக்கு வாத்தியாருக்குப் புண் சீழ் பிடித்துவிட்டது. மறுபடி ஆபரேஷன். இன்னும் வார்டில்தான் இருக்கிறார். பழைய ஸ்ட்ரிப்பை ஒட்டி ஏமாற்றினாள் என்று கடிகாரத்தை சஸ்பெண்ட் செய்துவிட்டார்கள். வரும் திங்கட்கிழமை பத்து மணிக்குக் கடைசி விசாரணை. அன்றோடு அவளை வேலையை விட்டே நீக்கிவிடுவார்கள் என்று பேச்சு.

நான் கர்த்தரிடம் சொல்லிவிட்டேன், தம்பி. முழங்காலில் நின்று, அழுது, எல்லாவற்றையும் சொன்னேன். மனசு லேசானதும் உண்மைதான். மறுநாள் வேலைக்குப் போனால் அவளுடைய லாக்கரில் வேறு பூட்டு தொங்கியது. லேசானது எல்லாம் அங்கேயே போய்விட்டது.

உன் அத்தானிடம் மட்டும் சொன்னேன். "ஆண்டவர்கிட்ட சொல்லிட்டே இல்ல, மன்னிச்சிட்டாரு. அப்புறம் எதுக்கு ஊருக்கெல்லாம் சொல்லணும்? பொண்ணோட சீட்டை நெனச்சுப் பாரு" என்கிறார். அவர் சொல்வதில் தப்பு கண்டுபிடிக்க முடியாமல்தான் தவிக்கிறேன். போன மாதம் நீ அனுப்பிய பிரசங்கத்தில், மன்னித்த பாவத்தைக் கர்த்தர் நினைப்பதில்லை என்றாய். அவர் நினைக்க மாட்டார், சரி. அந்த வாத்தியார் ஒவ்வொரு படி ஏறும்போதும் நினைப்பாரே. அதற்கு உன் பிரசங்கத்தில் என்ன இருக்கிறது?

நேற்று அந்த வார்டு வழியாகப் போனேன். போயிருக்கக் கூடாது. வாக்கரைப் பிடித்துக்கொண்டு நின்ற அந்த வாத்தியார், என் யூனிபார்மைப் பார்த்துவிட்டு, "உங்களை மாதிரி ஆளுங்க இருக்கிறதாலதாம்மா நாங்க எழுந்து நடக்கிறோம்" என்றார். கழிவறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

ஞாயிறு, ஆராதனை முடிந்து

இன்று திருவிருந்து. அப்பத் தட்டு என் வரிசைக்கு வந்ததும் எடுக்காமல் பக்கத்தில் தள்ளிவிட்டேன். உன் மருமகள் என்னையே பார்த்தாள். வயிறு சரியில்லை என்றேன். பொய்க்கு மேல் பொய்.

சிலுவையில் ஆண்டவருக்குப் பக்கத்தில் தொங்கிய கள்ளனைத்தான் நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவன் கேட்டதும் மன்னிப்பு கிடைத்துவிட்டது. என்னைப் போன்றவர்களுக்கெல்லாம் அவன்தான் தைரியம். ஆனால் அவனுக்கு இறங்கிப் போய், யாரிடம் பறித்தானோ அவர்கள் வீட்டுக் கதவைத் தட்ட வழியில்லை. என் காலில் யாரும் ஆணி அடிக்கவில்லையே, தம்பி. இரண்டு காலும் நன்றாக இருக்கிறது, பஸ்ஸும் ஓடுகிறது.

அதனால் சபையிலிருந்து நேரே கடிகாரம் வீட்டுக்குப் போனேன். அவள் மேஜைமேல் துணி விரித்து, நாளைக்காக யூனிபார்மை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். சஸ்பெண்ட் ஆனவளுக்கு யூனிபார்ம் எதற்கு என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. தண்ணீர் கொடுத்தாள். நான் மழையைப் பற்றிப் பேசினேன். பஸ் கூட்டத்தைப் பற்றிப் பேசினேன். சொல்ல வந்ததைத் தவிர எல்லாவற்றையும் பேசினேன்.

அவளேதான் ஆரம்பித்தாள். "ரிஜிஸ்டரை என் முன்னாடி வச்சாங்க. ஸ்ட்ரிப்போட மூலை மடிஞ்சிருந்துச்சு" என்றாள். சூடாக இருக்கும் ஸ்ட்ரிப்பைப் பிடிக்க நான் எப்போதும் மூலையை மடிப்பேன். எங்கள் பிரிவில் வேறு யாருக்கும் அந்தப் பழக்கம் கிடையாது. "ஒட்டினது யாருன்னு கேட்டாங்க. ஒட்டினவங்களே வந்து சொல்லுவாங்க, திங்கட்கிழமை வரைக்கும் பொறுங்கன்னு சொன்னேன். நான் சும்மா நாளைக் கடத்துறேன்னு நெனச்சுக்கிட்டாங்க" என்றாள்.

ஏன் என் பெயரைச் சொல்லவில்லை என்று கேட்டேன். இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, "நான் சொன்னா நீ மாட்டிக்குவே, அவ்வளவுதான். நீயா சொன்னா, நாளைக்கு அந்த வாத்தியார் முகத்தை உன்னால பார்க்க முடியும்ல. மெஷின் தாளைப் பார்க்காமக் கையெழுத்துப் போட்டது நான். அதுக்கு நான் பதில் சொல்லிக்கிறேன்" என்றாள். அவள் என்னை நாலு அறை அறைந்திருந்தால் தாங்கியிருப்பேன்.

கர்த்தர் நீடிய பொறுமையுள்ளவர் என்று நீ நூறு தரம் சொல்லியிருக்கிறாய். ஆறுதலான செய்தி என்றுதான் இத்தனை வருஷமும் கேட்டுக்கொண்டிருந்தேன். ஒருவர் பொறுமையாக நமக்காகக் காத்திருப்பது இவ்வளவு பயமாக இருக்கும் என்று நீ ஏன் எனக்குச் சொல்லவில்லை?

திங்கள், காலை ஒன்பதே கால்

மருத்துவமனை வாசலில், தபால் பெட்டிக்குப் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன். தாள் மடியில் இருக்கிறது, எழுத்தைப் பொறுத்துக்கொள். வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. கிளம்பும்போது பெண் ஷூவைப் போட்டுக் காட்டி, "அம்மா, கரெக்டா இருக்கா?" என்றாள். ரொம்பக் கரெக்டாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு வந்தேன். வேலை போகலாம். போலீஸ் வரைக்கும் போகலாம். அவள் இடமும் போகலாம். கர்த்தரின் இரக்கம் இதில் எந்தப் பக்கம் நிற்கும் என்று எனக்குத் தெரியவில்லை. கடிகாரம் இப்போதுதான் கேட்டைத் தாண்டி உள்ளே போனாள். என்னைப் பார்த்தாள், கூப்பிடவில்லை.

உன் அக்காவை உனக்குத் தெரியும். வாய்தான் பெரிது. கதவு வரைக்கும் போய்த் திரும்பி வரக்கூடியவள். அதனால் உள்ளே போவதற்கு முன்பே இதைப் பெட்டியில் போடப் போகிறேன். உன் கைக்கு வர நாலைந்து நாளாகும். அதற்குள் நானே போனில் கூப்பிட்டு, சொல்லிவிட்டேன் என்று சொல்லியிருப்பேன். கூப்பிடவில்லை என்றால் நான் சொல்லவில்லை என்று அர்த்தம். அப்படியானால் எனக்காக ஜெபித்துவிட்டு இதை மேஜை டிராயரில் வைத்துவிடாதே, தம்பி. இந்தக் கடிதத்தை அப்படியே மருத்துவமனைக்கு அனுப்பிவிடு. விலாசத்தைப் பின்பக்கத்தில் எழுதியிருக்கிறேன். இது யார் எழுதியது என்று அவர்கள் சந்தேகப்படாமல் இருக்க, எல்லாத் தாளின் மூலையையும் மடித்திருக்கிறேன்.

பிள்ளைகளைக் கர்த்தர் காப்பாராக. நீ இப்போது கண்ணை மூடிக்கொள்ளலாம்.

உன் அக்கா