செத்தால் கைமாறும்

11 அக்., சனி

காலையிலிருந்து தூறல். மாடியில் காய்ந்த துணியை எடுக்க மறந்தேன். மறுபடி அலச வேண்டும்.

கூரியர். அண்ணன் அனுப்பியது. அந்தக் கேமின் இரண்டாம் பாகம். முதல் பாகத்தை நானும் அவனும் ஆடி ஆறு வருடம். அப்போது நான் பிளஸ் ஒன், அவன் காலேஜ். இப்போது நான் எம்.ஏ., அவன் ரிக் லாரியில். ராய்ப்பூர் பக்கம் போர்வெல் போடுகிறார்கள். போனில் ரிக் சத்தம், அதற்குள் எங்கோ அவன் குரல்.

"வந்துருச்சா புள்ள? ஆடு. எனக்குன்னு காத்திருக்காத."

"நீ எப்பண்ணா வார?"

"தீவாளிக்கு வண்டி திருச்செங்கோடு வந்தா வாரேன்."

வந்தால்.

12, ஞாயிறு

மூன்று மணி நேரம் ஆடினேன். அதே வரைபடம். அதே ஏரி, சிவப்பு ஓட்டு ஊர், உடைந்த பாலம். பாலத்தை இப்போது கட்டிவிட்டார்கள். தரைக்கு அடியில் புதிதாக ஓர் உலகம், குகை குகையாக. அண்ணனுக்குப் பிடிக்கும். பிடிக்காமலும் போகலாம், வேலையிலும் தரைக்கு அடியில்தான்.

ஒப்பீடு, முதல் பாகமும் இரண்டாம் பாகமும் (யாருக்காக எழுதுகிறேன்?):

மு.பா. மலை எதிரே வந்தால் ஏற வேண்டும். மழை பெய்தால் பாறை வழுக்கும். நிற்கும் வரை ஒதுங்கி உட்கார வேண்டும். உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்போம்.
இ.பா. இறக்கை கட்டிப் பறக்கலாம். பேச்சுக்கு இடமில்லை.

மு.பா. சிவப்பு ஓட்டு ஊரைக் காப்பாற்றியது நாங்கள்.
இ.பா. அந்த ஊர் ரொட்டிக்காரி என்னைப் பார்த்து, 'வெளியூரா?'

மு.பா. விழுந்தால் சாவு.
இ.பா. விழும்போது ஒரு பொத்தானை அழுத்தினால் நேரம் பின்னால் போகிறது. மறுபடி உச்சியில்.

மூன்று மணி நேரத்தில் ஒருமுறைகூடச் சாகவில்லை. ஏதோ குறைந்தது. சாப்பிடும்போதுதான் பிடிபட்டது. எங்கள் வீட்டில் ஒரே கன்ட்ரோலர். செத்தால் கைமாறும், அதுதான் சட்டம். இன்று அது என் மடியிலேயே கிடந்தது.

14, செவ்வாய்

பல்கலைக்கழகம். சங்ககிரியில் பஸ் அரை மணி நேரம் நின்றது. கருத்தரங்கக் கட்டுரை இன்னும் ஒரே பத்தியில் நிற்கிறது. முன் சீட்டில் இரண்டு பெண்கள்:

"உங்களுக்கென்னங்க, தீவாளிக்கு மாப்ள வந்தாச்சு."

"வந்து என்னங்க பண்றது, போனைத்தான் நோண்டிக்கிட்டுக் கெடக்கறாரு."

நோண்டட்டும். வந்திருக்கிறாரே.

மாலையில் அம்மா வாசற்படியில் நின்றபடி: "அந்த ரிமோட்டுக்கு ரெண்டு பேரும் அடிச்சுக்குவீங்க. அந்தச் சத்தம் இருந்தாத்தான் வீடு வீடாட்டம் இருக்குது கண்ணு."

15, புதன்

ஒப்பிட முதல் பாகத்தைப் போட்டேன். பழைய ஆட்டம் அப்படியே இருந்தது. வரைபடத்தில் ஒரு வசதி, அப்போது கவனித்ததில்லை. நடந்த வழியெல்லாம் பச்சைக் கோடு. செத்த இடமெல்லாம் சிவப்புப் பெருக்கல் குறி.

கோட்டை வாசலில் சில குறிகள்: நான். சதுப்பில் சில: நான். காட்டுக் கரடியிடம்: நான், நான்.

அண்ணன் எங்கே செத்தான்?

ஏரிக்கு வடக்கே, எங்கள் கூடாரத்தை ஒட்டி, ஒரு செங்குத்துப் பாறை. அங்கே எதிரி இல்லை, புதையல் இல்லை. குறிகள் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்து, எண்ண முடியாத சிவப்புத் திட்டு.

அப்போதெல்லாம் நான் முட்டியைக் கட்டிக்கொண்டு பக்கத்தில் இருப்பேன். "எப்பண்ணா சாவ?" ஐந்து நிமிடம் ஆடுவான். அப்புறம் பாறைப் பக்கம் நடப்பான். "ஐயோ, வழுக்கிருச்சு புள்ள. இந்தா, புடி."

மழை இல்லாத நாளிலும் வழுக்கும்.

ஆடத் தெரியாதவன் என்று தோழிகளிடம் சொல்லிச் சிரித்திருக்கிறேன்.

16, வியாழன்

வெங்காயம் உரித்துக்கொண்டே அம்மாவிடம் கேட்டேன், அண்ணன் ஏன் காலேஜை விட்டான் என்று. இரண்டாம் வருடத்தோடு விட்டான். மண்டையில் ஏறவில்லை என்றான். அந்த ஜூனில் நான் காலேஜில் சேர்ந்தேன். வீட்டில் ஒருவர் படிக்கத்தான் வழி இருந்தது.

"ஏறாம என்ன? எல்லாத்துலயும் பாசுதான். மார்க்கு லிஸ்ட்டு பீரோல கெடக்குது, வேணும்னா பாரு."

பார்க்கவில்லை. வெங்காயம் தேவைக்கு மேல் உரித்துவிட்டேன்.

18, சனி

மழை. முறுக்கு மாவு அரைத்து வந்தேன். கட்டுரை அப்படியே.

அண்ணன் எண் தொடர்பு எல்லைக்கு வெளியே. எழுதி அழித்த செய்திகள்: எங்கே இருக்கிறாய். வண்டி கிளம்பியதா. பாறையைப் பார்த்தேன்.

இரண்டாம் பாகத்தைத் தொடவில்லை.

20, திங்கள். தீபாவளி

பதினோரு மணிக்கு வந்தான். வண்டி திருச்செங்கோட்டில் நிற்கிறது. கறுத்திருக்கிறான். காது கொஞ்சம் மந்தம், எல்லாவற்றுக்கும் சத்தமாகப் பேசுகிறான்.

"என்ன சாமி, எலும்பும் தோலுமா வந்து நிக்கற!"

"நீ ஆக்கிப் போடும்மா, தேறிக்கறேன். புதங்கெழம கௌம்பணும்."

கறிக்குழம்பு. பிறகு டிவி முன்னால். கன்ட்ரோலரை நீட்டினேன். வாங்கவில்லை.

"நீ ஆடு புள்ள. நான் பாக்கறேன்." முட்டியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தான், நான் உட்காரும் மாதிரி.

"ஏ, பறக்குது பாரு! நம்ம ஆளுக்கு வந்த வாழ்வு!"

"ரொட்டிக்காரிக்கு நம்மளத் தெரியலண்ணா. வெளியூராங்கறா."

"விடு. நாம செஞ்சது அவளுக்கு எதுக்குத் தெரியணும்?"

கேட்க நினைத்தவை: பாறை. மார்க் லிஸ்ட். இரண்டையும் கேட்கவில்லை.

ஏரிக்கு வடக்கே போனேன். கூடாரம் இல்லை. பாறை இருக்கிறது. வெயில் காய்ந்தது. விளிம்பு வரை நடந்து, குதித்தேன். நேரத்தைப் பின்னால் இழுக்கும் பொத்தான் கட்டைவிரலுக்கு அடியில்தான்.

"என்ன பண்ற! அமுத்து, அமுத்து!"

திரை சிவந்தது.

"வழுக்கிருச்சுண்ணா. இந்தா, புடி."

திரும்பி என்னைப் பார்த்தான். வெளியே யாரோ சரவெடி வைத்தார்கள். அது ஓயும் வரை பார்த்தான். பிறகு புதுச் சட்டையில் இரண்டு கைகளையும் துடைத்துக்கொண்டு வாங்கிக்கொண்டான்.